படிமூட்டை

பெருநிலத்து ஜுருவில் ஒரு சோப்புக் கம்பெனியின் ஸ்டோர் வாசலில் கடைசி மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டு அர்ஜுனன் நிமிர்ந்தான். முதுகு ஐயோ என்றது. ஸ்டோர்க்காரி சலேஹா பேனாவும் கையுமாக இரண்டாம் முறை எண்ணிக்கொண்டிருந்தாள். நல்ல மனுஷி, ஒரு தடவை எண்ணிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறவள். அவள் இரண்டாம் தடவை எண்ணினால் வில்லங்கம்தான்.

“குராங் சத்து, பாங்,” என்றாள். ஒன்று குறைகிறது அண்ணே என்கிறாள்.

அப்படி இருக்கவே முடியாது என்று சொல்லிவிட்டு அர்ஜுனன் லோரிக்குள் ஏறினான். பின்கதவிலிருந்து டிரைவர் பக்கத்துத் தகரம் வரைக்கும் காலி. கைப்பேசி வெளிச்சத்தை அடித்து மூலை மூலையாகப் பார்த்தான். என்னவோ இருபத்தைந்து கிலோ மூட்டை எலிப்பொந்துக்குள் ஒளிந்துகொள்ளும் என்பதுபோல.

சலேஹா கத்தவில்லை, கோபப்படவும் இல்லை. கையுறையைக் கழற்றி மணிக்கட்டைக் காட்டினாள். பழைய தழும்பு ஒன்று, தோல் சுருங்கிப் பளபளவென்று இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஈரக் கையோடு இந்தச் சாமானைத் தொட்டுவிட்டாளாம். “எங்கே விழுந்ததுன்னு தேடுங்க பாங், இது மாவு இல்ல,” என்று மலாயில் சொன்னாள்.

மாவு இல்லைதான். சோடா ஆப்பி. ஆப்பி என்றால் மலாயில் நெருப்பு. பெயர் வைத்தவன் சும்மா வைக்கவில்லை. பார்க்கச் சின்ன ஜவ்வரிசிபோல வெள்ளை வெளேரென்று உருண்டையாக இருக்கும். தண்ணீர் பட்டால் கொதிக்கும், ஈரத் தோலில் பட்டால் தோலைத் தின்னும். வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்பதை அர்ஜுனன் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை. ஆனால் நினைத்தான். ஏனென்றால் அந்த மூட்டை எங்கே இருக்கிறது என்பது அந்த நொடியில் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அது கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் தீவில், தண்ணீர்மலை ரோட்டில், ஒரு தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில், சீனியோடு சீனியாகக் கிடக்கிறது.

எப்படிப் போனது என்று கேட்டால், இந்தத் தொழிலைக் கொஞ்சம் சொல்லித்தான் ஆகவேண்டும். அர்ஜுனன் ஓட்டுவது மூன்று டன் லோரி. ஓட்டுவதற்குச் சம்பளம் உண்டு. ஏற்றிப்போன சாமானைக் கூலியாள் இல்லாமல் டிரைவரே இறக்கிவிட்டால் இறக்குக்கூலி தனி. அதில்தான் மகன் ஷர்வினின் காலேஜ் ஹாஸ்டல் ஓடுகிறது. ஆனால் கம்பெனியில் சாமான் அனுப்பும் பொறுப்பில் இருக்கிற ஸ்ரீகரன் ஒரு சட்டம் வைத்திருந்தான். வேறு எவன் கையாவது ஒரு மூட்டையைத் தொட்டால் போச்சு, அந்த இடத்துக் கூலி கிடையாது. வாடிக்கையாளருக்கே போன் போட்டு, “டிரைவர் தனியாத்தான் இறக்கினாரா?” என்று விசாரிப்பான். புண்ணியவான்!

தனியாக இறக்குகிறவனுக்கு ஏறி இறங்கப் படி வேண்டும். லோரியின் பின்பக்கம் நெஞ்சு உயரம். பிளாஸ்டிக் பெட்டி போட்டால் வழுக்கும். கம்பெனி கொடுத்த முக்காலி ஒரு வாரத்தில் கால் ஒடிந்தது. மூட்டை ஒன்றைக் கீழே போட்டு அதன்மேல் கால் வைத்து ஏறுவதுதான் டிரைவர்கள் கண்ட வழி. மூட்டை நகராது, கவிழாது. படிமூட்டை என்றே அதற்குப் பெயர்.

எந்த மூட்டை என்பதில்தான் அர்ஜுனனுக்கு ஒரு பிடிவாதம். அரிசி, சீனி, மாவு, உப்பு இதன்மேல் அவன் கால் படாது. தின்கிற பொருளை மிதிக்கலாமா? லட்சுமி அல்லவா? அதனால் உரமோ சிமெண்டோ சோப்புத்தூளோ, எது வாய்க்குப் போகாதோ அதைத்தான் கீழே போடுவான். அதையும் சும்மா போடமாட்டான். செருப்பு அழுக்கு ஒட்டினால் வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று, ஒரு காலிச் சாக்கை உறைபோல அதன்மேல் மாட்டிவிடுவான். இன்றைக்கு லோரியில் இருந்தது இரண்டே சாமான். பந்தலுக்குச் சீனி, சோப்புக் கம்பெனிக்குச் சோடா. அவன் கைக்குக் கிடைத்த காலிச் சாக்கு சீனிச் சாக்கு. சீனிச் சாக்கை மிதிக்கலாமா என்றுகூட யோசித்தான், பாருங்கள்! வெறும் சாக்குதானே, உள்ளே லட்சுமி இல்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். இத்தனை பக்தியும் இத்தனை சுத்தமும் சேர்ந்து நெருப்பு மூட்டைக்குச் சீனி என்று பெயர் எழுதிவிட்டன.

பந்தலில் ஹரீஷ் என்று ஒரு ஆள் இருந்தான். முப்பது வயதிருக்கும், பாயான் லெப்பாஸ் பேக்டரியில் டெக்னீஷியன், தைப்பூசத்துக்காக லீவு போட்டுவிட்டு வந்தவன். “அண்ணே, ஒரு கை கொடுக்கிறேன்லா,” என்று இரண்டு தடவை கேட்டான். “வேணாம் தம்பி, நீங்க தொட்டா என் கூலி போயிரும்,” என்று அர்ஜுனன் இரண்டு தடவையும் தடுத்துவிட்டான். எல்லாம் இறக்கி அடுக்கியாயிற்று. கையெழுத்து வாங்க உள்ளே போனான். ரோடு மூடப்போகிறது, லோரியை எடு என்று போலீஸ்காரர் விசில் ஊதினார். ஓடிவந்து பார்த்தான். லோரிக்குப் பின்னால் ரோடு சுத்தமாக இருந்தது. சுத்தமாக இருக்கிறதே என்றுகூட நினைத்தான். ஏன் சுத்தமாக இருக்கிறது என்று நினைக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிவிட்டான்.

சாமிக்கு வந்த சீனி தரையில் கிடக்கிறதே என்று ஹரீஷ்தான் தூக்கி உள்ளே வைத்திருப்பான். வேறு யார்?

அர்ஜுனன் லோரியை எடுத்துக்கொண்டே ஸ்ரீகரனுக்குப் போன் போட்டான். ஸ்ரீகரன் முழுக்கக் கேட்டான்.

“யாருக்காவது சொன்னியா?”

“இன்னும் இல்ல பாஸ். பந்தலுக்குப் போன் போட்டு, அந்த மூட்டையைத் தொறக்காதீங்கன்னு மட்டும் சொல்லிடறேன்…”

“பைத்தியமா உனக்கு? ஏன்னு கேப்பாங்கல்ல? சீனியும் சோடாவும் ஒரே லோரியில ஏத்தினோம்னு சொல்லுவியா? பெர்மிட் போயிரும், அர்ஜுன். உன் வேலையும் போவும், என் வேலையும் போவும். பொலிஸ் வந்தா உள்ள போறது நீ. மூட்டையை அங்க விட்டது நீதானே, நானா?”

“அதுக்குள்ள தொறந்துட்டாங்கன்னா?”

“அவ்வளவு சீனி இருக்கு, அதைத்தான் பர்ஸ்ட் தொறப்பாங்களா? நேரா போ. கணக்குல தப்புன்னு சொல்லு. தூக்கு, வந்துரு. சிம்பிள் வேலை.”

சிம்பிள் வேலையாம். குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு எல்லாமே சிம்பிள்தான். ஆனாலும் அர்ஜுனன், “சரி பாஸ்,” என்றான். வேலை போகும் என்ற வார்த்தை அவன் வாயைக் கட்டிவிட்டது. இந்த வயதில் இன்னொரு கம்பெனி வாசலில் போய் நிற்க அவனுக்குத் தெம்பில்லை.

பாலத்தில் ஏறினால், அடக்கடவுளே! தைப்பூசத்துக்கு முந்தின நாள். பெருநிலத்துக் கூட்டம் முழுக்கத் தீவுக்குக் கிளம்பியிருந்தது. காவடியைக் கூரையில் கட்டிய வேன்கள், குடும்பம் குடும்பமாக அடைத்துக்கொண்ட கார்கள், இடையில் புகுந்து போகிற மோட்டார் சைக்கிள்கள். லோரி ஒரு முழம் நகர்ந்தது, நின்றது. மறுபடி ஒரு முழம். இரண்டு பக்கமும் கடல், திரும்ப வழியில்லை, இறங்கி ஓடவும் வழியில்லை.

அர்ஜுனனுக்குக் கண்ணைத் திறந்திருந்தாலும் அண்டாதான் தெரிந்தது. காலையில் பார்த்தது. ஆள் உட்காரக்கூடிய பெரிய அண்டாக்கள், வரிசையாக. ஒரு பெண் மூட்டையின் வாயைப் பிரித்து அண்டாவில் சரிக்கிறாள். தண்ணீர் பொங்கி முகத்தில் அடிக்கிறது. அது ஒரு விதம். அப்படியானால் ஒருத்தியோடோ இரண்டு பேரோடோ போய்விடும். பொங்காமல் கரைந்துபோய், சிராப் என்கிற சிவப்பு ரோஜாச் சர்பத்தும் ஐஸ் கட்டியும் போட்டு, வெயிலில் வெறுங்காலோடு நடந்து வருகிறவர்கள் கையில் டம்ளர் டம்ளராகக் கொடுத்துவிட்டால்? எந்தச் சனியன் பெரியது என்று அவனால் முடிவு செய்ய முடியவில்லை. முருகா, இந்த ஒரு தடவை காப்பாத்திடு, இனிமே இறக்குக்கூலியே வேணாம் என்று வேண்டிக்கொண்டான். பிறகு, வேணாம்னு சொல்லிட்டோமே, பையன் ஹாஸ்டல் என்ன ஆவது என்று அதற்கும் ஒரு பயம் வந்தது.

அப்போதுதான் லோகேஸ்வரி கூப்பிட்டாள். அவன் மனைவி. நாளைக்குப் பால்குடம் எடுக்க விரதம் இருந்தாள்.

“என்னங்க, எங்க இருக்கீங்க? நானும் அக்காவும் பூ வாங்கிட்டுத் தண்ணீர்மலைக்கு நடந்துகிட்டு இருக்கோம். வெயில் மண்டையைப் பொளக்குது.”

“பாட்டில் தண்ணி இருக்கா?”

“அதெல்லாம் எதுக்கு? வழி நெடுக பந்தல் போட்டிருக்காங்க, சிராப் கொடுக்கிறாங்க…”

“குடிக்காதே!”

அவன் போட்ட சத்தத்தில் அவனுக்கே தூக்கிவாரிப் போட்டது.

“என்ன?”

“எந்தப் பந்தல்லயும் எதையும் குடிக்காதே லோகேஸ். கடையில தண்ணி வாங்கிக்கோ. சொன்னா கேளு.”

“ஏன் குடிக்கக் கூடாது?” அவள் குரல் மாறிவிட்டது. “என்னங்க ஆச்சு? நான் குடிக்கக் கூடாதுன்னா, இங்க குடிக்கிற ஜனங்க? இங்க பிள்ளைங்கல்லாம் குடிச்சிட்டு இருக்குதுங்களே.”

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டான். பெண்டாட்டிக்கு மட்டும் காவல். ஊரான் வீட்டுப் பிள்ளை எக்கேடு கெட்டால் என்ன? அட, இதுதானா நீ என்று அவனே அவனைக் கேட்டான். வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

டெலிவரி சீட்டில் பந்தல்காரி மோகனாவின் நம்பர் இருந்தது. போட்டான். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டான். எடுத்தார்கள். காதைப் பிளக்கிற உறுமிச் சத்தம்.

“யாரு? சத்தமா பேசுங்க!”

“அக்கா, நான் சீனி லோரி! காலையில வந்தேனே! ஒரு மூட்டை…”

“ஆமா தம்பி, ஒரு மூட்டை கூட வந்திருக்கு! எண்ணிப் பார்த்துட்டு அசந்துட்டோம்!”

“அக்கா, அதைத் தொறக்காதீங்க!”

“என்னா? ஒண்ணும் கேக்கலலா! தொறந்தாச்சு தம்பி, தொறந்தாச்சு, கலக்கிக்கிட்டு இருக்காங்க. நீயும் வா, வந்து…”

லைன் அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை தடவை போட்டும் எடுக்கவில்லை. அவசர நம்பர் 999-க்கு அடிக்கலாமா என்று விரல் போனது. தண்ணீர்மலை ரோடு முழுக்கப் பந்தல். எது என்று கேட்டால், சீட்டில் மோகனாவின் பெயரும் நம்பரும்தான், பந்தலின் பெயர் இல்லை. பெரிய மரத்துக்கு எதிரே என்பான். அங்கே எல்லாமே பெரிய மரம். மோகனாவின் நம்பரையே மறுபடி மறுபடி அமுக்கினான். அவசரத்தில் அண்டாவுக்குள்ளேயும் கை போகாது என்பார்கள். அவனுக்கு ஸ்டியரிங்கே கைக்குள் நிற்கவில்லை.

பாலம் ஒரு வழியாக முடிந்தது. கிரீன் லேன் ரோட்டில் அவன் ஓட்டிய ஓட்டத்துக்கு நாலு பேர் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். தண்ணீர்மலைப் பக்கம் திரும்புகிற இடத்தில் தடுப்புப் போட்டுவிட்டார்கள். லோரியை ஒரு வேலியோரம் ஒதுக்கினான். சாவியை எடுத்தானா என்பதுகூட நினைவில்லை. ஓடினான்.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். ஒவ்வொரு பந்தலிலும் ஒவ்வொரு பாட்டு, எல்லாம் ஒன்றாகக் காதில் விழுந்தது. “தள்ளுங்க, தள்ளுங்க,” என்று முண்டியடித்துக்கொண்டு போனான். யாரோ, “டேய், சாமி எங்கயும் ஓடிறாதுடா!” என்று கேலி செய்தார்கள். எதிரே யாராவது வாயைப் பிடித்துக்கொண்டு வருகிறார்களா, ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கிறதா என்றே அவன் கண்ணும் காதும் தேடின. ஒன்றும் இல்லை. எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அது அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

பந்தலுக்கு முன்னால் வரிசை ஒன்று காத்து நின்றது. மோகனா, ஐம்பது தாண்டிய பெரிய உருவம், பச்சைச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பிளாஸ்டிக் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“நிறுத்துங்க! யாருக்கும் கொடுக்காதீங்க!” அர்ஜுனனுக்கு மூச்சு வாங்கியது. “அந்த மூட்டை, கூட வந்த மூட்டை, எங்கக்கா?”

“அதுவா? ஏன் இப்படி வேர்த்துப் போயிருக்கே? அந்தா பாரு.”

முருகன் படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்து, அதன்மேல் மூட்டையை நிறுத்தியிருந்தார்கள். சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, கழுத்துக்கு ஒரு மல்லிகைச் சரமும் சுற்றியிருந்தது. கேட்காமல் வந்த மூட்டை முருகன் கொடுத்தது, அதை அவனுக்கே வைத்துவிட்டு நாளைக் காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்பது மோகனாவின் முடிவு. போனில் தொறந்தாச்சு என்று சொன்னது மற்ற சீனி மூட்டைகளில் ஒன்றை.

அர்ஜுனன் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. முருகா, உன் காலடியிலேயே வைத்துக்கொண்டாயா!

கைப்பேசி அடித்தது. ஸ்ரீகரன்.

“கிடைச்சதா?”

“கிடைச்சது பாஸ். தொறக்கல.”

“அப்பாடா. வாயை மூடிட்டுத் தூக்கிட்டு வா. ஒண்ணுமே நடக்கல, புரியுதா?”

புரிந்தது. அவன் எழுந்து மோகனாவிடம், “கணக்குல தப்பாயிருச்சு அக்கா, வேற ஒருத்தரோட மூட்டை,” என்றான். மோகனாவின் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு, “அதனால என்ன தம்பி, அடுத்தவங்க பொருள் நமக்கு எதுக்கு? எடுத்துட்டுப் போ. ஒரு டம்ளர் குடிச்சிட்டுப் போ, இப்பதான் புதுசா ரெண்டு அண்டா கலக்கினோம்,” என்று அவளே மாலையைக் கழற்றினாள்.

அவன் குனிந்து மூட்டையைத் தூக்கினான். வாழையிலைமேல் சடசடவென்று ஏதோ உதிர்ந்தது. கீழ்மூலையில் ஒரு கிழிசல். விரல் நுழையும் அளவுதான். காலையில் அவன் குதிகால் ஊன்றி ஊன்றி ஏறிய மூலை. வெள்ளை உருண்டைகள் இலையில் சிதறி, சந்தனத்தின் ஈரம் பட்ட இடத்தில் நுரைத்துக்கொண்டிருந்தன.

மெல்லக் கீழே வைத்தான். தலையைத் திருப்பினால் ஹரீஷ் நின்றுகொண்டிருந்தான், வலது தோளைச் சட்டைக்கு மேலேயே தேய்த்தபடி.

“தம்பி, தோள்ல என்ன?”

“தெரியலண்ணே, காலையிலேர்ந்து எரியுது. வெயில்னு நெனச்சேன்.”

அர்ஜுனன் அவன் சட்டையை இழுத்துப் பார்த்தான். தோள் சிவந்து, நடுவில் தோல் வழன்று கொப்புளம் கட்டியிருந்தது. அதற்குமேல் அவனால் நடிக்க முடியவில்லை. ஹரீஷைத் தரதரவென்று குழாயடிக்கு இழுத்துப்போய், சட்டையைக் கழற்றி எறிந்து, ரப்பர் குழாயைத் திறந்து தோளில் பிடித்தான். “தண்ணியை நிறுத்தாதே! அப்படியே நில்லு! யாராவது முதலுதவி டெண்டுக்குப் போயி ஆள் கூட்டிட்டு வாங்க!” என்று கத்தினான். கத்திக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். சீனி இல்லை, சோடா ஆப்பி. தான் மிதித்து ஏறினது. தான் விட்டுவிட்டுப் போனது. பாலத்தில் ஏறும்போதே தெரியும், பாதிப் பாலம் வரைக்கும் போன் போடவில்லை. அதையும் சொன்னான்.

மோகனா வாயில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“ஹரீஷு,” என்றாள் கடைசியில், “தூக்கிட்டு வந்து முதல்ல எங்க வெச்சே?”

“சீனி மூட்டைங்க மேலதான் அக்கா. நீங்க எண்ணிட்டு அப்புறம்தானே சாமிகிட்ட மாத்தச் சொன்னீங்க.”

“அப்ப கீழ இருந்த மூட்டை?”

“ஒண்ணு மட்டும் வாய் பிரிச்சிருந்துச்சு.”

அந்த மூட்டைதான் இப்போது கலக்கிய இரண்டு அண்டாவிலும் போயிருந்தது. காலையில் கொடுத்ததெல்லாம் பழைய சீனி, அதில் பயமில்லை. இந்த இரண்டு அண்டாவிலும் உருண்டை விழுந்ததா? யாருக்குத் தெரியும்! சிவப்பாக, குளுகுளுவென்று, ஐஸ் மிதக்க நின்றது சிராப். பார்த்தால் நாக்கில் எச்சில் ஊறும்.

“கொட்டிருங்க அக்கா,” என்றான் அர்ஜுனன், ரப்பர் குழாயை ஹரீஷ் கையில் கொடுத்துவிட்டு.

மோகனாவுக்குக் கோபம் அப்போதுதான் வந்தது. “கொட்டவா? லேசா சொல்லிட்டியே! பத்து மாசம் வீடு வீடா ஏறி இறங்கி, கூத்துச் சீட்டு கட்டி, பலகாரம் சுட்டு வித்து போட்ட பந்தல்டா இது. கிழிசல் அவ்வளவூண்டு. விழுந்துச்சுன்னு பார்த்தியா? நீ பார்த்தியா? இத்தனை ஜனம் வெயில்ல காத்துக்கிட்டு நிக்குது, நான் என்னா சொல்லி அனுப்புவேன்?”

“விழாமயும் இருந்திருக்கலாம்…”

“ஆங், அப்படிச் சொல்லு!” அவள் சட்டென்று ஒரு டம்ளரை எடுத்து அண்டாவில் முக்கினாள். நிரப்பி அவன் முன்னால் நீட்டினாள். “இந்தா. விழலன்னா நீ குடி. நீ குடிச்சிட்டா நான் எல்லாருக்கும் கொடுக்கிறேன். உனக்கு ஒண்ணும் ஆகலன்னா யாருக்கும் ஒண்ணும் ஆகாதில்ல? குடி தம்பி.”

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என்ன தகராறு என்று யாருக்கும் புரியவில்லை. சட்டைப்பையில் கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது. ஸ்ரீகரனாக இருக்கும், இல்லை லோகேஸ்வரியாக இருக்கும்.

அர்ஜுனன் டம்ளரை வாங்கினான். ஜுருவிலிருந்து இதுவரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. தொண்டை காய்ந்து கிடந்தது. குடித்துவிடலாம். ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. குடித்துவிட்டால் மோகனாவின் பத்து மாதம் பிழைக்கும். ஹரீஷ் தோள் வெயிலில் வெந்தது என்று போய்விடும். கம்பெனியும் பிழைக்கும், அவன் வேலையும் பிழைக்கும். ஒரே ஒரு மடக்கு. டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனான். ரோஜா வாசனை மூக்கில் ஏறியது. சலேஹாவின் மணிக்கட்டு கண்ணில் நின்றது. உதடு டம்ளரில் பட்டது. திறக்கவில்லை. திற, திற என்று அவன் மனசுக்குள் அதட்டினான். அவனுடைய வாய் அவன் பேச்சைக் கேட்கவில்லை.

டம்ளரைக் கீழே இறக்கினான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

மோகனா அவன் கையிலிருந்து டம்ளரை மெல்ல வாங்கினாள். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“சரி,” என்றாள். “அந்தக் காதைப் பிடி. தனியா சாய்க்க முடியாது.”

அவன் அண்டாவின் ஒரு காதைப் பிடித்தான், அவள் இன்னொன்றை. முதல் அண்டா சரிந்தது. சிவப்புத் தண்ணீரும் ஐஸும் கடகடவென்று லோங்காங் சாக்கடையில் விழுந்து ஓடின. வரிசையில் ஐயோ, அடப்பாவமே என்று சத்தம் எழுந்தது. முன்னால் நின்ற ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, கையில் வெறும் டம்ளரை நீட்டியபடியே கேட்டாள்.

“ஏங்கக்கா கொட்டுறீங்க? நல்லாத்தானே இருக்கு!”

மோகனா அர்ஜுனனைத்தான் பார்த்தாள். கூட்டம் முழுக்க அவனைப் பார்த்தது. அவன் இரண்டாவது அண்டாவின் காதைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் சொன்னான்.

“என்னால குடிக்க முடியலம்மா.”